16 கோழி, 4 கின்னிக்கோழி, 4 வாத்து, 2 வான்கோழி: 6க்கு 8 அடி கொட்டகை போதுமா?

வேப்பமரத்தடி

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 12 அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. ஒரு மூலையில் முருங்கை, எதிர் மூலையில் நடுத்தரமான வேப்பமரம். இப்போது சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழியில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன, இத்தனை வருடமும் அம்மா பஞ்சாரத்தில்தான் கவிழ்த்து வைத்தார். போன மாதம் ராத்திரி நாய் பஞ்சாரத்தைத் தள்ளிவிட்டு இரண்டு பெட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, இரண்டுமே முட்டை வைத்துக்கொண்டிருந்தவை. அதனால் ஒழுங்காக ஒரு கொட்டகை கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

கட்டுவதுதான் கட்டுகிறோம், கூட்டத்தையும் கொஞ்சம் பெருக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு முட்டைக்காக 5 கிராமப்பிரியா, அப்பா ஆசைப்படுகிறார் என்று 4 கருங்கோழி (3 பெட்டை, 1 சேவல்), பாம்பு வந்தால் கத்தும் என்கிறார்களே, அதற்காக 4 கின்னி. அப்புறம் மகள் வாத்து வேண்டும் என்கிறாள், அது 4. வான்கோழி ஒரு ஜோடி. கொட்டகை 6 அடிக்கு 8 அடி என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. மீதி இடத்தைச் சுற்றி வலை அடித்துப் பகலில் அதற்குள் விட்டுவிடுவேன், சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் வெளியே திறந்துவிடலாம்.

என் குழப்பம் இதுதான். ஒருவர் கோழிக்கு 2 சதுர அடி போதும் என்கிறார், இன்னொருவர் 4 வேண்டும் என்கிறார், வீடியோவில் ஒருவர் 10 சதுர அடிக்குக் குறைந்தால் வளர்க்காதீர்கள் என்கிறார். எதை வைத்துக் கணக்குப் போடுவது? எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் அடைக்கலாமா? வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

தம்பி, அந்த மூன்று பேரும் சொன்னது சரிதான், ஆனால் மூன்று பேரும் வேறு வேறு இடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். 2 சதுர அடி என்பது ராத்திரி அடைய மட்டும் உள்ளே வந்து விடிந்ததும் வெளியே போய்விடும் கோழிக்கு. 4 என்பது மழை நாளில், அல்லது வீட்டில் ஆள் இல்லாத நாளில், பகல் முழுக்க உள்ளேயே கிடக்க வேண்டிய கோழிக்கு. 10 என்பது வலை அடித்த வெளி முற்றத்துக்கு. உங்களுக்கு மூன்றும் பொருந்தும், மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

கொட்டகைக்குத் தரையைவிட முதலில் கம்பைக் கணக்குப் பண்ணுங்கள். கோழி தரையில் தூங்காது, இடம் கொடுத்தால் மேலே ஏறிவிடும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் கம்பு வேண்டும். 16 கோழிக்கு 9 அங்குலம் என்றால் 12 அடி, கின்னி நான்குக்கு 3 அடி, ஆக 15 அடி. 8 அடி நீளச் சுவரை ஒட்டி இரண்டு கம்பு போட்டால் 16 அடி கிடைக்கும், சரியாக இருக்கும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி முதல் கம்பு, அதிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி இரண்டாவது. இரண்டும் ஒரே உயரம். ஒன்றை ஏணி மாதிரி உயர்த்திப் போட்டால் எல்லாம் மேல் கம்புக்கே முண்டும். தினமும் அந்திக்குச் சண்டை, கீழே இருக்கும் கோழி மேல் எச்சம். நான் முதல் கொட்டகையில் ஏணி மாதிரிதான் போட்டேன், மூன்றே மாதத்தில் பிடுங்கிவிட்டு மட்டமாக மாற்றினேன். கம்பு ஒன்றரை இரண்டு அங்குலத் தடிமனாவது இருக்கட்டும், மெல்லிய மூங்கில் குச்சி வேண்டாம்.

முட்டைப் பெட்டி நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும். உங்களுக்கு 14 பெட்டை, நான்கு பெட்டி வையுங்கள், ஓர் அடி நீளம், அகலம், உயரம். தென்னங்கூடை வைத்தாலும் சரி. பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி மேலே, கம்பு கீழே என்று ஆகிவிட்டால் ராத்திரி பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சம் போட்டு முட்டையெல்லாம் நாசமாகும்.

நீங்கள் கணக்கில் விட்டது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு 16. சிறுவிடை என்றால் முட்டை வைத்து முடித்ததும் அடை உட்காரும். இரண்டு பெட்டை பத்துப் பத்து முட்டையில் உட்கார்ந்து, பாதி தேறினால்கூட ஐந்து மாதத்தில் பத்து இளங்கோழி கூடுதல். 48 சதுர அடி இன்றைய எண்ணிக்கைக்குத்தான் போதும், அடுத்த வருடத்துக்குப் போதாது. கிராமப்பிரியா, கருங்கோழி இரண்டும் அடை உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கிராமப்பிரியா ஹைதராபாத்தில் இருக்கும் கோழி ஆராய்ச்சி இயக்ககம் கொல்லைப்புற முட்டைக்கென்றே உருவாக்கியது, அதற்கு அடை குணம் கிட்டத்தட்ட போய்விட்டது. அதனால் உங்கள் வீட்டில் எல்லா முட்டைக்கும் தாய் அந்தச் சிறுவிடைகள்தான். அடைக்கோழிக்கும் குஞ்சுத்தாய்க்கும் 3க்கு 3 அடியில் தனி அறை கட்டாயம் வேண்டும். கூட்டத்தோடு விட்டால் அடைக்கூடையில் மற்றதெல்லாம் ஏறி முட்டை வைக்கும், அடை கலைந்துவிடும்.

முடிந்தால் 6க்கு 12 ஆக நீட்டுங்கள். அகலத்தைக் கூட்டினால் கூரைச் செலவு ஏறும், நீளத்தைக் கூட்டினால் அவ்வளவு ஏறாது.

பொருநை அக்கா

நொய்யல்கரை அண்ணா கோழிக்குச் சொன்னது முழுக்கச் சரி. நான் மற்ற இரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, வான்கோழியைத் தயவுசெய்து இந்த இடத்தில் விடாதீர்கள். மூன்று வருடம் முன்னால் எட்டு வான்கோழிக் குஞ்சு வாங்கி வந்து கோழி மேய்ந்த அதே கொல்லையில் விட்டேன். இரண்டு மாதம் அழகாக வளர்ந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றன, கழிச்சல் கந்தக மஞ்சள் நிறத்தில் போயிற்று, பத்து நாளில் ஆறு போய்விட்டன. டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார், ஈரல் முழுக்க வட்ட வட்டமாகப் புண். கருந்தலை நோய் என்றார். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டையோடு சேர்ந்து இந்தக் கிருமி மண்ணில் விழுகிறது, மண்புழுவுக்குள்ளும் போய்விடும், வருடக்கணக்கில் அங்கேயே உயிரோடு கிடக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நன்றாகத் திரியும். அதே மண்ணைக் கொத்தும் வான்கோழி செத்துவிடும். நடுவில் வலை போட்டுப் பிரித்தாலும் பயன் இல்லை, மண் ஒன்றுதானே. உங்கள் கொல்லையில் இத்தனை வருடமாகக் கோழி மேய்ந்திருக்கிறது. கோழியே கால் வைக்காத வேறு நிலம் இருந்தால் வான்கோழி வையுங்கள், இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வாத்து வேறு விஷயம். நோய் பயம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஈரம். வாத்துக்குத் தலை முழுக்க முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரை அது சுற்றி நாலடிக்குத் தெளித்து வைக்கும், எச்சமும் தண்ணீராகத்தான் போகும். கோழிக் கொட்டகைக்குள் வாத்தை அடைத்தால் உமி ஒரே வாரத்தில் சேறாகிவிடும், ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சல் வரும், அது முதலில் குஞ்சுகளைத்தான் கொண்டு போகும். இன்னொன்று, வாத்து கம்பில் ஏறாது, தரையில் படுக்கும், மேலே இருக்கும் கோழியின் எச்சம் முழுக்க அதன் முதுகில். ஆண் வாத்துக்குத் தன் பெட்டை போதவில்லை என்றால் கோழிப் பெட்டையை மிதிக்கப் போகும், கோழிக்கு அது பெரிய காயம் ஆகிவிடும். அதனால் ஓர் ஆண், மூன்று பெட்டை என்று வாங்குங்கள், ஒரு வாத்துக்கு 4 சதுர அடி வைத்து 4க்கு 4 அடியில் தனியாகத் தாழ்வான கூடு போதும். இடத்தில் பள்ளமான மூலை எது என்று பார்த்து அங்கே வையுங்கள், மேட்டில் வைத்தால் தண்ணீர் கோழிப் பக்கம் ஓடிவரும். அந்தத் தண்ணீரை முருங்கைக்குத் திருப்பிவிடலாம், எங்கள் வீட்டில் வாழைக்குப் போகிறது.

மகளுக்கு வாத்து வாங்கிக் கொடுங்கள். கூடு மட்டும் தனியாக இருக்கட்டும்.

வேப்பமரத்தடி

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வான்கோழியை விட்டுவிட்டேன், இன்றைக்கே முன்பணம் கொடுக்க இருந்தேன், நல்ல வேளை. இரண்டு சந்தேகம். அப்பா ஒரு பெருவிடைச் சேவலும் சேர்த்து வாங்கலாம் என்கிறார், குஞ்சு எடை ஏறுமாம். இப்போதே சிறுவிடைச் சேவல் ஒன்று, கருங்கோழிச் சேவல் ஒன்று என்று ஆகிறது. மூன்று சேவல் தாங்குமா? அப்புறம் வலை எந்த வலை? கடைக்காரர் ஆறுகோண ஓட்டை உள்ள கோழி வலையே போதும் என்கிறார், விலையும் குறைவு.

முன்னாள் ஆய்வாளர்

முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராகக் கிராமங்களில் சுற்றியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் வலை. அந்த ஆறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வருவதைத் தடுக்காது, பல்லால் கிழித்துவிடும். ராத்திரிக் கொட்டகைக்கு அரை அங்குல வெல்டு மெஷ்தான். ஓர் அங்குல ஓட்டையில் பாம்பு நுழையும், கீரிக்குட்டியும் முயன்று பார்க்கும். கீரி உள்ளே போனால் தின்பது ஒன்று, கடித்துப் போடுவது எட்டு. காலையில் அந்தக் கொட்டகையைத் திறந்தவர்கள் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பகல் முற்றத்துக்குப் பணம் பற்றாவிட்டால் அந்த மலிவு வலையை அடித்துக்கொள்ளுங்கள், மேலே காக்கைக்கும் பருந்துக்கும் பழைய மீன் வலை போதும். சுவர் அடியில் பெருச்சாளி பறிக்கும், அஸ்திவாரத்தை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்குங்கள், அல்லது மெஷ்ஷை வெளிப்பக்கமாக ஓர் அடிக்கு மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். கதவுக்கு வெறும் கொண்டி போதாது, மரநாய் நெம்பிவிடும், கொண்டியோடு ஒரு பூட்டோ கம்பி முறுக்கோ இருக்கட்டும்.

திசை. நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் காலை, மாலை வெயில் உள்ளே அடிக்காது. வடக்கிலும் தெற்கிலும் ஓர் அடி சுவர், அதற்கு மேல் கூரை வரை மெஷ். உங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்து பலமாக வரும், மேற்குச் சுவரை முழுக்க மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், வடக்குப் பக்கம் சுருட்டி ஏற்றுகிற மாதிரி சாக்குப் படுதா கட்டுங்கள், கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள். தகரம் போட்டால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். சித்திரை வெயிலில் நெருக்கி அடைத்த கோழி ராத்திரியிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், முட்டை பாதியாகக் குறையும். இடக்கணக்குப் போடும்போது நான் எப்போதும் சித்திரையை நினைத்துத்தான் போடச் சொல்வேன், மார்கழியில் எத்தனை அடைத்தாலும் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும்.

தரையில் நெல் உமியோ கடலைத்தோலோ நான்கு அங்குலம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும், ஈரம் பட்ட இடத்தை அள்ளி வெளியே போட வேண்டும். வாடை இருக்கிறதா என்று நின்றுகொண்டு பார்க்கக் கூடாது, குந்தி உட்கார்ந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் இடம் போதவில்லை, அல்லது காற்று போதவில்லை. எந்தப் புத்தகக் கணக்கைவிடவும் இதை நம்பலாம்.

சேவல். ஒன்றுக்கு எட்டுப் பத்துப் பெட்டை. உங்களிடம் 14 பெட்டை, இரண்டு சேவலே கொஞ்சம் அதிகம். மூன்றாவதாகப் பெருவிடை வந்தால், அது சண்டைக்குப் பிறந்த இனம், சிறுவிடைச் சேவலைக் கொன்றுவிடும் வரை விடாது. அதன் எடைக்குச் சிறுவிடைப் பெட்டையின் முதுகும் தாங்காது, இறகெல்லாம் உதிர்ந்து தோல் கிழியும். அப்பாவுக்குப் பெருவிடை வேண்டுமென்றால் சிறுவிடைச் சேவலைக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற பெரிய பெட்டைகளோடு தனியாக வளர்க்கட்டும். கின்னியிலும் ஆண் அதிகமாக இருந்தால் சேவலை விரட்டி விரட்டி ஓட வைக்கும், ஓடி ஒளிய முற்றத்தில் மறைவு வேண்டும், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைத்தாலும் போதும். முட்டு மூலை இருக்கக் கூடாது, துரத்தப்படும் கோழி சுற்றிக்கொண்டு வெளியே வர வழி இருக்க வேண்டும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத மாதிரி வையுங்கள். கிராமப்பிரியா சாது, சிறுவிடை விரட்டினால் பசியோடு ஓரமாக நின்றுவிடும்.

மலையடிவாரம்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கருங்கோழியையும் கிராமப்பிரியாவையும் வாங்கி வந்த அன்றே கூட்டத்தோடு விடாதீர்கள். போன தையில் சந்தையில் ஒரு வியாபாரியிடம் ஆறு கருங்கோழி வாங்கினேன், தடுப்பூசி எல்லாம் போட்டது என்றார். நேராகக் கொட்டகையில் விட்டேன். ஐந்தாம் நாள் வெள்ளைக் கழிச்சல் ஆரம்பித்தது, கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன, என் பழைய கோழி 22இல் 17 போயிற்று. அதில் ஒரு பெட்டை ஏழு வருடம் எங்களோடு இருந்தது.

மூன்று வாரம் தனியாக, தூரமாக, வேறு தட்டு வேறு தண்ணீர். அதற்குப் பின் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம், ஒன்றை ஒன்று பார்த்துப் பழகட்டும். அப்புறம் இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கம்பில் உட்கார வையுங்கள், காலையில் பெரிய சண்டை இருக்காது. நொய்யல்கரை அண்ணா சொன்ன 3க்கு 3 அறை இதற்கும் உதவாதா என்று கேட்டுவிடாதீர்கள், அது கொட்டகையை ஒட்டி இருக்கிறது, நோய்க்கு அந்தத் தூரம் போதாது. வீட்டு முன்பக்கம் எங்காவது வையுங்கள்.

முன்னாள் ஆய்வாளர்

மலையடிவாரம் சொன்னது மிகவும் முக்கியம். குஞ்சு பொரித்தால் வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று சொல்வார்கள். பழைய கோழிக்கும் போட்டுவிட்டு அதன் பிறகே புதியதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வேப்பமரத்தடி

எல்லாவற்றையும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கொத்தனாரோடு உட்கார்ந்து மாற்றிய திட்டம் இது.

கொட்டகை 6க்கு 12, நீளம் கிழக்கு மேற்காக, வடக்கு வேலியை ஒட்டி. கிழக்கு ஓரத்தில் 3க்கு 3 அடைக்கோழி அறை, வெளியிலிருந்து கிழக்குப் பார்த்துத் தனிக் கதவு. 8 அடிக் கம்பு இரண்டு, பெட்டி நான்கு. அரை அங்குல மெஷ் விலை கேட்டதும் 30,000 தாண்டியது, அதனால் முற்றத்துக்கு இப்போது மலிவு வலை, கூரைக்கு சிமெண்ட் ஷீட்டுக்குப் பதில் பனங்கை வைத்துத் தென்னங்கீற்று, கீற்று எங்கள் மரத்திலேயே இருக்கிறது. வாத்துக் கூடு முருங்கைப் பக்கம், அதுதான் பள்ளம். வான்கோழி இல்லை, பெருவிடை இல்லை. கருங்கோழிச் சேவலையும் விட்டுவிட்டு நாலும் பெட்டையாக வாங்கிக்கொள்கிறோம், அப்பா சம்மதித்துவிட்டார். முற்றத்துக்கு 20க்கு 12இல் கொட்டகை போக 168 சதுர அடி மிஞ்சுகிறது, வாத்துக் கூடும் போக 152. கோழியும் கின்னியும் 20 என்றால் ஒன்றுக்கு ஏழரைதான் வருகிறது, 10 வரவில்லை. இது பெரிய குறையா?

நொய்யல்கரை

சாயங்காலம் வெளியே திறந்துவிடுகிறீர்களே, அதனால் ஓடிவிடும். ஆனால் ஒரு மாதத்தில் முற்றத்தில் புல் ஒன்றும் மிஞ்சாது, வெறும் மண்ணாகி மழையில் சகதியாகும். நடுவில் ஒரு வலை போட்டு இரண்டாகப் பிரித்து, மூன்று வாரம் இந்தப் பக்கம், மூன்று வாரம் அந்தப் பக்கம் என்று மாற்றி விடலாம் என்று சிலர் சொல்வார்கள், இவ்வளவு சின்ன இடத்தில் அது நெருக்கத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதில் வேப்பமரத்தடியில் சருகைக் குவித்துக் கொட்டிக்கொண்டே இருங்கள், கிளறிக்கொண்டே இருக்கும், சகதியும் ஆகாது. மரத்தடியில் 3 அடிக்கு ஒரு குழியில் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் மண் குளிக்கும், பேன் கட்டுப்படும்.

கின்னியை நாலிலிருந்து மூன்றாகக் குறைத்து ஓர் ஆண் இரண்டு பெட்டை என்று வாங்கப் பாருங்கள். குஞ்சாகவே வாங்குங்கள், பெரியதாக வாங்கினால் முதல் நாள் திறந்ததும் வேப்பமர உச்சிக்குப் போய்விடும், இறங்கி வராது. அடைக்கோழி அறையின் வெளிக்கதவு கிழக்குப் பார்த்து என்கிறீர்கள், கார்த்திகை மழை நேராக அதில்தான் அடிக்கும். கதவைத் தெற்குப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், கொத்தனார் இன்னும் சுவர் எழுப்பவில்லைதானே?

வேப்பமரத்தடி

இல்லை அண்ணா, நாளைக்குத்தான் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கதவு தெற்கே மாற்றியாயிற்று.